சந்தைக்குப் புறப்படுமுன் ஒரு கணக்கு



கார்த்திகை தீபம் வந்தால் திருவண்ணாமலைக்கு நாலா பக்கமும் இருந்து ஜனங்கள் வருகிறார்கள். பத்து நாள் உற்சவம். கூடவே மாட்டுச் சந்தை. சாமி கும்பிட்டுவிட்டுத் தேரடி வீதியில் கடை பார்த்துக்கொண்டே நடப்பது ஒரு சந்தோஷம். அதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். ஆனி, ஆடியில் விதைத்த மானாவாரி மல்லாட்டையைப் பிடுங்கி, விற்ற காசு கையில் இருக்கிற நேரம் இது. அடுத்து மார்கழிப் பட்டம். இறவை மல்லாட்டைக்கு ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு விதை வேணும், 160 கிலோ ஜிப்சம் வேணும், உழவுக் கூலி வேணும். ஆக, மடியில் இருப்பதெல்லாம் லாபம் இல்லை. அடுத்த பயிரும் அதற்குள்தான் இருக்கிறது. திருவிழாவில் அதைச் செலவழித்தால், விதைக்கிற அன்று வட்டிக்காரர் வாசலில் நிற்க வேண்டி வரும்.

இதற்கு என்ன வழி? விற்ற பணம் வந்த அன்றே மூன்று முடிச்சாகப் பிரியுங்கள். முதல் முடிச்சு விதைக்கும் உரத்துக்கும். இரண்டாவது, கடனுக்கும் வீட்டுச் சாமானுக்கும். மூன்றாவது திருவிழாவுக்கு. ஊரிலிருந்து கிளம்பும்போது மூன்றாவது முடிச்சை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வாங்க வேண்டியதை வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுங்கள். வீட்டுக்காரம்மாவையும் கேளுங்கள், அரிசிப் பானையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். சீட்டில் இல்லாத பொருள் கண்ணில் பட்டு ஆசை வந்தால், விலை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். ஒரு ராத்திரி போகட்டும். காலையிலும் அது வேணும் என்று தோன்றினால், இரண்டு கடை விசாரித்து வாங்கலாம்.

“கையில் காசு வேண்டாங்க, மாசத் தவணையில் எடுத்துக்கிட்டுப் போங்க” என்பார்கள். அங்கேதான் கணக்கு வேணும். ரொக்கத்துக்கு 15,000 ரூபாய் உள்ள பொருளுக்கு மாதம் 1,500 வீதம் 12 தவணை என்றால் மொத்தம் 18,000. மூவாயிரம் கூடுதல்! அதோடு, நமக்கு வருமானம் மாதாமாதம் வருவதில்லை. அறுவடைக்கு அறுவடைதான் வருகிறது. தவணை மட்டும் தவறாமல் வரும்.

மாட்டுச் சந்தையிலும் அவசரம் ஆகாது. தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடித்தவுடன் தலையாட்டி விடாதீர்கள். ஒரு வேளை கறக்காமல் விட்டிருந்தால் எந்த மாட்டுக்கும் மடி பெருத்துத்தான் தெரியும். பல்லைப் பாருங்கள், நடக்கவிட்டுப் பாருங்கள், நாலு காம்பிலும் பால் வருகிறதா என்று பாருங்கள். கறவை மாடென்றால் தொடர்ந்து மூன்று வேளை கறந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லையா? வேறு மாடு பாருங்கள்.

விதை வாங்கும்போது பை அழகைப் பார்க்காதீர்கள். சான்று விதை என்றால் நீல நிற அட்டை இருக்கும். அதில் ரகம், குவியல் எண், காலாவதி தேதி எல்லாம் உண்டு. மல்லாட்டைக்கு முளைப்புத் திறன் 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் 100 விதையை ஈரச் சாக்கில் வைத்து எண்ணிப் பாருங்கள். எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள். விதைப் பையின் அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரமாக வையுங்கள். ஏமாற்றம் நேர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்ல அந்த ரசீதுதான் சாட்சி.

“திருநாளுக்கு வந்துட்டு, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வாங்காமப் போறதா?” என்று கேட்பீர்கள். தாராளமாக வாங்குங்கள். வளையலும் பொரியும் பொம்மையும் யாரையும் கடனாளி ஆக்கியதில்லை. அதற்குத்தானே மூன்றாவது முடிச்சு! முதல் முடிச்சை மட்டும் அவிழ்க்காதீர்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது நமக்காகத்தான்.