அகதிக் குடும்பம் நம் வாசலுக்கு வரும்போது

(ஜொகூர் பாருவில் தொண்டர்களுக்கான பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



கிளினிக்கில் வேலை செய்பவர்கள், பாலர்பள்ளி ஆசிரியைகள், ஆலய நிர்வாகத்தினர், மொழிபெயர்க்க வரும் தம்பி தங்கைகள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். "நாங்கள் டாக்டர் இல்லையே, எங்களுக்கு எதற்கு இந்தப் பயிற்சி?" என்று நீங்கள் கேட்கலாம். நான் செய்த ஒரு தவறைச் சொல்லியே பதில் தருகிறேன்.

2009 மே மாதம் வன்னியில் போர் முடிந்தது. அங்கிருந்து தப்பி வந்த ஒரு தாய், சில ஆண்டுகள் கழித்து என்னைப் பார்க்க வந்தார். கூடவே சிறுவயது மகன். நான் ஃபைலைத் திறந்து, "முதலிலிருந்து எல்லாம் சொல்லுங்கம்மா" என்றேன். ஷெல் விழுந்த இடத்துக்கு வந்ததும் அவர் பேச்சு நின்றுவிட்டது. நான் விடவில்லை. என்ன தேதி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கை நடுங்கியது. மகன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பின் அவர் வரவே இல்லை. எனக்குச் சட்டம் தெரிந்திருந்தது. மனம் காயப்பட்டவரிடம் பேசத் தெரியவில்லை.

போரையும் சித்திரவதையையும் கண்டவர்களில் பலருக்குத் தூக்கம் வராது. யாராவது கதவைத் தட்டினால் உடம்பு பதறும். தேதிகள் குழம்பும். நாமோ, "பொய் சொல்கிறார்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பிள்ளை படுக்கையை நனைத்தால் "வளர்ப்பு சரியில்லை" என்கிறோம்.

இங்கு வந்த பிறகும் அவர்களுடைய பயம் தீரவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் மட்டுமே 180,000 பேருக்கு மேல். அவர்களில் ரொஹிங்யா மக்களே அதிகம். இலங்கைத் தமிழரும் உண்டு. கையில் அட்டை இருந்தாலும் குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபடலாம் என்ற அச்சம் அவர்களை விடுவதில்லை. பெக்கான் நெனாஸ் தடுப்பு முகாம் நம் ஜொகூரில்தான் இருக்கிறது. கையில் ஃபைலோடு வருகிற எவரைக் கண்டாலும் அவர்கள் அஞ்சுவதில் என்ன வியப்பு?

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். போர்க்காலத்தில் அங்கே மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு பணியாற்றியவர்களும் ஆசிரியர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் கிராம சேவையாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேட்டைத் தமிழ்ச் சமூகத்துக்கு ஏற்றபடி மாற்றிப் பயன்படுத்தினார்கள். ஊரில் இருப்பவர்தான் காயத்தை முதலில் பார்க்கிறார். இன்று நம் வட்டாரத்தில் அந்த ஊர்க்காரர் நீங்கள்தான்.

இன்று நாம் பழகப்போவது இவை:

ஒன்று, முதலில் நாற்காலியும் தண்ணீரும் கொடுங்கள். நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள். காப்பாற்ற முடியாத வாக்குறுதி தராதீர்கள்.

இரண்டு, நடந்த கதையைத் தோண்டாதீர்கள். "இன்றைக்கு என்ன தேவை?" என்று கேளுங்கள். அவராகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

மூன்று, பெற்றோரின் வேதனையைப் பிள்ளையின் வாயால் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெரியவர் ஒருவரை அழையுங்கள். அவர் சம்மதமானவரா என்று முன்பே கேளுங்கள்.

நான்கு, கேட்டதை டீக்கடையில் பேசாதீர்கள். படம் எடுக்காதீர்கள்.

ஐந்து, வாரக்கணக்கில் தூங்காதவரையும் சாவைப் பற்றிப் பேசுபவரையும் மருத்துவரிடம் சேருங்கள். முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பாமல் கூடவே போங்கள்.

கடைசியாக ஒன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பியவர்களில் பலர் வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்க அன்று யாரும் பயிற்சி பெற்றிருக்கவில்லை. அந்த மௌனம் எப்படிப்பட்டது என்று நம் வீடுகளுக்குத் தெரியும். வருபவர் தமிழரோ ரொஹிங்யாவோ, அவரை அதே மௌனத்தில் விட்டுவிடாதீர்கள்.

அந்தத் தாயிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்க முடியவில்லை. அடுத்து வரும் தாய்க்காவது நாம் தயாராக இருப்போம்.