சனிக்கிழமைச் சம்பளமும் இன்சுலின் பாட்டிலும்



திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். ராத்திரிக்குள் அது பங்கு பிரிந்துவிடும். மளிகைக் கடைப் பாக்கி, குழு லோன், லைன் வீட்டு வாடகைக்கு எடுத்து வைப்பது, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்புவது. இதற்குள் தீராத நோய் உள்ள ஒரு பிள்ளையின் மருந்துச் செலவையும் எப்படி அடக்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

பெரிய ஆபரேஷனைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அதற்கு ஓரளவு வழி பிறந்துவிட்டது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தின் கார்டு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும். வீட்டில் தினம் போடும் ஊசிக்கும், விழுங்கும் மாத்திரைக்கும் அது கிடையாது. தீராத நோயோ, இந்தச் சின்னச் சின்ன பில்லாக வந்துதான் ஒரு குடும்பத்தை அரிக்கிறது.

டைப் 1 சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய அடியோடு நிறுத்திவிடும். மிட்டாய் தின்றதால் வந்ததல்ல. அம்மா கம்பெனிக்கு வேலைக்குப் போனதால் வந்ததும் அல்ல. அப்படியும் சொல்கிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். இதற்கு அன்றாடம் இன்சுலின் போட்டே ஆக வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலாக இந்த ஊசியைப் போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நம் கணக்கு. சாதாரண மனித இன்சுலின் பாட்டில் 10 மில்லி. ஒரு மில்லியில் 40 யூனிட், ஆக 400 யூனிட். நாளைக்கு 20 யூனிட் போடும் பிள்ளைக்கு ஒரு பாட்டில் 20 நாள் வரும். அரசு மருத்துவமனையில் இது இலவசம். ஆகவே இன்சுலினை விடக் கையைக் கடிப்பது ஸ்ட்ரிப். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப் ஒன்று 20 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 80, மாதத்துக்கு 2,400. பனியன் கம்பெனி செக்கிங்கில் நிற்கும் ஒரு அக்காவின் வாரச் சம்பளத்தில் பெரும்பகுதி அது.

கணக்கில் வராத செலவு இன்னொன்று, ஷிப்ட். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கூலி இல்லை. ஆர்டர் அவசரமாகி ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளானால் இழப்பும் ஒன்றரை. தொழிலாளி தானே படுத்தால் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போட்ட லீவுக்கு அப்படி எதுவும் கிடையாது. இது ஒரு பெரிய ஓட்டை என்பது என் கருத்து. ஆனாலும் இ.எஸ்.ஐ.யை விட்டுவிடாதீர்கள்.

ஏனென்றால் படுக்காமலே வைத்தியம் தருவது அதுதான். வெளிநோயாளியாகப் போனாலும் டாக்டர், மருந்து, பரிசோதனை எல்லாம் குடும்பத்துக்கும் உண்டு. மகனுக்கு 18 ஆகும் வரை. படித்துக்கொண்டிருந்தால் 21 வரை, மகளுக்குத் திருமணம் ஆகும் வரை. "பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்காதீங்க, முழுசாக் கையில குடுத்துருங்க" என்று கேட்கிற பழக்கம் பனியன் கம்பெனிகளில் உண்டு. 15,000 சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 காசு. முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. உங்கள் நூற்றுப் பன்னிரண்டைக் காப்பாற்றப் போய் அவருடைய நானூற்று எண்பத்தேழையும் அவருக்கே மிச்சப்படுத்திக் கொடுக்கிறீர்கள். பிள்ளையின் மருந்தும் போகிறது.

சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. இல்லை என்பது சரி. ஆனால் அந்த வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் கூலியைச் சேர்க்கக் கூடாது. ஓவர்டைமோடு 24,000 வாங்கும் சிங்கர் டெய்லர், "நமக்கு இல்லையாமே" என்று சும்மா இருந்துவிடுகிறார். சில கம்பெனி ஆபீசுக்கே இது தெரிவதில்லை. பீஸ் ரேட் ஆனாலும், கான்ட்ராக்டில் வந்தவரானாலும் உரிமை உண்டு. கம்பெனி மாறினால் புது நம்பர் வாங்காதீர்கள், பழைய பத்து இலக்க நம்பரையே கொடுங்கள். முக்கியமாக, பிள்ளையின் பெயர் குடும்பப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அது ஏறாமல் கவுன்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. மருந்து ஸ்டாக் இல்லை என்றால், வெளியில் வாங்குவதற்கு முன்னாலேயே பில் தொகையைத் திரும்பப் பெறும் வழியை இ.எஸ்.ஐ. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் பவர் டேபிள் தையல் யூனிட்டுகளுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. அங்கே இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனைதான் துணை, ஸ்ட்ரிப்புக்கு அறக்கட்டளைகள். கோவையில் டாக்டர் கிருஷ்ணன் சுவாமிநாதன் நடத்தும் 'இதயங்கள்' அறக்கட்டளை, டைப் 1 உள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் கருவிகளும் இலவசமாகத் தருகிறது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

ரத்தம் உறையாமை, தலசீமியா ஆகிய ரத்த நோய்கள் உள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த இரண்டும் இடம்பெற்றுள்ளன. அடையாள அட்டைக்கு மனுப் போடலாம். டைப் 1 அந்தப் பட்டியலில் இல்லை.

எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது? விலை கூடிய பேனா இன்சுலினிலிருந்து பாட்டிலுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். மாறினால் சிரிஞ்சையும் பாருங்கள்: மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலுக்கு 40 என்று குறித்த சிரிஞ்ச், மில்லிக்கு 100 யூனிட் உள்ள பாட்டிலுக்கு 100 என்று குறித்த சிரிஞ்ச். மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு ஏறும் அல்லது இறங்கும். லைன் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால், ஈரமணல் போட்ட மண்பானைக்குள் பாட்டிலை ஒரு டப்பாவில் மூடி வையுங்கள். திறந்த பாட்டிலை நாலு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊசியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆர்டர் குறைந்த வாரத்தில் அளவைக் குறைப்பதும், யாரோ சொன்ன சூரணத்தை நம்பி ஊசியை நிறுத்துவதும் நடக்கிறது. ஓரிரு நாளிலேயே வாந்தி, வயிற்றுவலி, இழுத்து இழுத்து மூச்சு, வாயில் பழவாடை என்று வரும். அப்போது காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சூப்பர்வைசர்களுக்கும் லைன் மேஸ்திரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்கூலிலிருந்து டீச்சர் கூப்பிட்டால், அந்த அம்மாவை ஐந்து நிமிஷம் மெஷினை விட்டு எழுந்து பேச விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ரத்தப் பரிசோதனை நாள் முன்கூட்டியே தெரிந்ததுதான். அதை ஷிப்ட் சார்ட்டில் இப்போதே குறித்துவிடலாம்.