உள்ளே இழுக்கும் குழாய்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசியவர்கள் வெளிநாட்டு அனுபவம், கம்ப்யூட்டர் என்று பெரிய விஷயங்களைச் சொன்னார்கள். நான் எருமப்பட்டியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறவன். எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். விரல் தடிமன் ரப்பர் குழாய், அவ்வளவுதான். அந்தக் குழாயால் நான் மூன்று பேர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைக்குப் போய்த் திரும்பி வந்தேன்.

நம்ம பக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே நாமக்கல் லாரிக்குப் பேர் போன ஊர். இங்கே பாடி கட்டுகிறார்கள், டேங்கர் கட்டுகிறார்கள். பக்கத்தில் திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி கட்டுகிறார்கள். சேசிஸ் மேலே புதுசாக எதையாவது ஏற்றும்போது முதலில் இடைஞ்சலாக நிற்பது ஏர் கிளீனர்தான். "தம்பி, இதைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுருங்க" என்பார்கள். கிரஷருக்குப் போகிற வண்டிக்காரர், "தூசி தாங்கலைங்க, காத்து எடுக்கிற வாயைக் கேபினுக்கு மேலே ஏத்திக் குடுங்க" என்பார். நியாயமான கோரிக்கைதான்.

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய, கணக்குப்படி குறைந்தது பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும். டீசல் எஞ்சின் எப்போதும் அதற்கு மேலேயே இழுக்கும். நூறு லிட்டர் டீசல் போட்டால் பத்து லட்சம் லிட்டர் காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் தூசி இல்லாத உயரத்தில் இருந்து காற்று எடுப்பது நல்லது. பெரிய பைப்பை எல்லோரும் ஒழுங்காகத்தான் மாற்றுகிறார்கள். அதைச் சுற்றி ஓடுகிற சின்னக் குழாய்களில்தான் கோட்டை விடுகிறோம்.

என் கதைக்கு வருகிறேன். படிப்பு முடிந்து மூன்றாவது வருஷம். மாமாவின் பட்டறையில் சேர்ந்திருந்தேன். ஒரு சிறிய லாரி வந்தது. வாரம் முழுக்க கிரஷர் ஓட்டம். சந்தை நாளில் கொல்லிமலையில் இருந்து வாழைத்தாரும் அன்னாசியும் இறக்கும். ஏர் கிளீனரை மேலே ஏற்றச் சொன்னார்கள். மாமா ஊரில் இல்லை. "நான் பார்த்துக்கறேன் மாமா" என்று போனில் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

புது பைப் போகிற வழியில் ஒரு குழாய் குறுக்கே நின்றது. ஆல்டர்னேட்டர் முதுகில் இருக்கிற வேக்குவம் பம்ப்பில் இருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகிற குழாய். அதை வெட்டி, சுற்றுவழியில் கொண்டுபோக நீளம் பற்றவில்லை. பட்டறையில் கிடந்த வேறொரு குழாயில் ஒரு முழம் வெட்டி, நடுவில் இணைத்து, கிளிப் போட்டேன். அளவு கச்சிதம். எஞ்சினைப் போட்டுப் பிரேக்கை மிதித்தேன். பஞ்சு மாதிரி இறங்கியது. வண்டியை அனுப்பிவிட்டேன்.

காரவள்ளியில் இருந்து மேலே போகிற பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது, பாதி மலையில், பெடல் கல்லு மாதிரி நின்றுவிட்டது. டிரைவர் அனுபவசாலி. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலை ஓரமாகக் கால்வாயில் சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். வண்டியில் அவரோடு சேர்த்து மூன்று பேர்.

மறுநாள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். நான் மிதித்துப் பார்த்தேன். பிரேக் நன்றாக இருந்தது! "அண்ணா, ஒண்ணும் இல்லீங்களே, பிரேக் சூடாகியிருக்கும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நான் முப்பது வருஷமா ஓட்டறேன் தம்பி. சூடான பிரேக்குக்கும் செத்த பிரேக்குக்கும் எனக்கு வித்தியாசம் தெரியுமுங்க" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

மாமா வந்தார். பானெட்டை மூடி, எஞ்சினை முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். பிறகு திறந்து, "வா மாப்ளே, தொட்டுப் பாரு" என்றார். நான் போட்ட அந்த ஒரு முழக் குழாய், வளைவில் நாடா மாதிரி தட்டையாக ஒட்டிக் கிடந்தது. எஞ்சினை நிறுத்திக் குழாயைக் கழற்றி ஆறவிட்டோம். மெதுவாக உருண்டு பழையபடி ஆகிவிட்டது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாத குழாய்.

நான் போட்டது, உள்ளே இருந்து வெளியே தள்ளுகிற அழுத்தத்தைத் தாங்கச் செய்த குழாய். வேக்குவம் குழாய்க்கு வேலை நேர் எதிர். வெளியில் இருக்கிற காற்று அதை நசுக்கப் பார்க்கும். சுவர் தடிமனாக இருக்க வேண்டும், சூட்டில் இளகக் கூடாது. இந்த வித்தியாசத்தை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கையில் எடுத்தபோது ஞாபகம் வரவில்லை.

பூஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று தம்பிகளுக்காகச் சொல்கிறேன். பெட்ரோல் எஞ்சினில் மேனிஃபோல்டில் இருந்தே வேக்குவம் கிடைக்கும். டீசலில் அது போதாது, அதனால் தனி பம்ப். பூஸ்டருக்குள் ஒரு பெரிய ரப்பர் தகடு. ஒரு பக்கம் வேக்குவம்; மிதிக்கும்போது மறுபக்கம் வெளிக்காற்று நுழைகிறது. சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோ வித்தியாசம் கிடைத்தால், 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகட்டில் 350 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மக்டெபர்க் மேயர் கெரிக்கே, இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, குதிரைகளைக் கட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை என்று காட்டினாரே, அதே பலம்தான். மலை மேலே அந்தப் பலமும் குறையும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பூஸ்டர் வாயில் ஒருவழி வால்வு இருப்பதால் குழாய் அடைத்தாலும் ஓரிரு மிதிக்குச் சேமிப்பு இருக்கும். அதனால்தான் முதல் வளைவில் தெரியாமல் அடுத்தடுத்த வளைவில் தெரிந்தது.

நான் கற்றுக்கொண்டது இதுதான். தண்ணீர் குழாய் ஓட்டையானால் சொட்டும். ஆயில் ஒழுகினால் கறை தெரியும். ஏர் பிரேக் கசிந்தால் புஸ் என்று சத்தம் கேட்கும். உள்ளே இழுக்கும் குழாய் மட்டும் பழுதானால் சொல்லவே சொல்லாது. சொட்டாது, கறை விடாது, எஞ்சின் சத்தத்தில் அதன் சத்தமும் கேட்காது. அதனால் கண்ணை நம்பி விடக்கூடாது, சோதனை செய்துதான் விட வேண்டும்.

பெரிய லாரியிலும் இதே கதைதான். பல வண்டிகளில் ஏர் பிரேக் கம்ப்ரசர், ஏர் கிளீனரின் சுத்தமான பக்கத்தில் இருந்து ஒரு குழாய் வழியாகக் காற்று எடுக்கிறது. ஏர் கிளீனரை நகர்த்தும்போது அந்தக் குழாயை வெளியே தொங்கவிட்டால், கம்ப்ரசர் தூசியைக் குடிக்கும், ரிங் தேயும், ஆயில் பிரேக் டேங்க்குக்குப் போகும். கிராங்க்கேஸ் மூச்சுக் குழாயை வீணென்று அடைத்தால் அழுத்தம் கட்டி ஆயில் சீல் கக்கும். டர்போ வண்டியில் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் குழாய் கழன்றால் டர்போ அளவுக்கு மீறி அழுத்தும். அந்தக் காலத்தில் நியூமேட்டிக் கவர்னர் உள்ள டீசல் எஞ்சின்களில், டயாஃப்ரம் குழாய் அறுந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்புக் குழாய்தான். ஒன்றில் வேக்குவம், ஒன்றில் அழுத்தம், ஒன்றில் ஆயில் ஆவி. இரண்டு முனையும் எங்கே போகிறது என்று தெரியாமல் நடுவில் கத்தி வைக்கக் கூடாது.

இப்போது எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கழற்றும் முன் செல்போனில் படம் எடுக்கிறோம். குழாயிலும் அது மாட்டுகிற மூக்கிலும் ஒரே நம்பரில் டேப் ஒட்டுகிறோம். திறந்த வாயில் கோணித் துணியைத் திணிப்பதில்லை. மூடி போடுகிறோம், எத்தனை போட்டோம் என்று சிலேட்டில் எழுதுகிறோம். நீளம் பற்றாவிட்டால் நடுவில் ஒட்டுப் போடுவதில்லை. வேக்குவத்துக்கென்று விற்கிற குழாயை முழு நீளத்துக்கு வாங்குகிறோம். முனையை நேராக வெட்டி, மடிப்பு விழாமல் வளைத்து, சைலன்சர் பக்கம் போகாமல் கட்டுகிறோம். ஒருவழி வால்வைத் திசை பார்த்து மாட்டுகிறோம்.

பிறகு சோதனை. எஞ்சினை நிறுத்தி ஐந்தாறு தரம் பிரேக்கை மிதிக்க வேண்டும். பெடல் கடினமானதும், மிதித்தபடியே எஞ்சினைப் போட வேண்டும். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது. எஞ்சினை நிறுத்திச் சில நிமிஷம் கழித்து மிதித்தால் முதல் மிதி லேசாக இருக்க வேண்டும். அப்போதுதான் வால்வு பிடித்து வைத்திருக்கிறது. இரண்டையும் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மறுபடி செய்ய வேண்டும். நான் அன்று விட்டது அந்த மறுபடியைத்தான். ஏர் பைப்புக்கு இன்னும் சுலபம். சில நாள் ஓடிய பிறகு, கிளீனருக்கு அப்பால் பைப்பைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு இந்த வேலை இன்னும் நுணுக்கமாகிவிட்டது. உள்ளே போகும் காற்றை சென்சார் அளக்கிற வண்டியில், சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு சின்னக் கசிவு போதும். கணக்குத் தப்பி எஞ்சின் இழுவை குறையும். 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் நிறுவனம் கொடுத்த அமைப்பை இஷ்டம்போல மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே சில வண்டிக்காரர்களிடம் இப்போது "முடியாதுங்க" என்று சொல்லவும் பழகியிருக்கிறேன். அதுவும் ஒரு தொழில்திறமைதான்.

அந்த டிரைவர் அண்ணன் அதற்குப் பிறகும் எங்கள் பட்டறைக்கே வருகிறார். ஆனால் வேலை முடிந்ததும் சாவியை வாங்க மாட்டார். "நீங்க முதல்ல ஓட்டுங்க தம்பி, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்பார். அது எனக்கு இன்றைக்கும் சுருக்கென்றுதான் இருக்கிறது. ஆனால் அவர் செய்வது சரி. இப்போது எந்த வண்டி வெளியே போனாலும் முதல் ஓட்டம் நான்தான் ஓட்டுகிறேன்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் எதையாவது மாற்றி அமைப்பீர்கள். அதை நம்பி மலை இறங்குகிறவர் பெரும்பாலும் நீங்கள் அறியாத மனிதராக இருப்பார். அனுப்புவதற்கு முன் ஒரு தரம் நீங்கள் ஏறி உட்கார்ந்து பாருங்கள்.