உடனுக்குடன் செய்தி என்னும் வியாபாரம்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் சட்டைப்பையில் இருக்கிற கைபேசிக்குள் தினமும் நடக்கிற சங்கதிதான் அது. நான் காலேஜில் படித்தவனல்ல. கண்டதைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததையே சொல்லுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

ஊரில் ஒரு ரிஜிஸ்திரார் ஆபீசு இருக்கிறது. ஒரு டீக்கடையும் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முந்திய கிரயப் பத்திரம் வேண்டுமானால் ஆபீசுக்குப் போகிறோம். மேலத்தெருவில் இப்போது என்ன கூச்சல் என்று தெரிய வேண்டுமானால் டீக்கடைக்குப் போகிறோம். 1998-இல் ஏற்பட்ட கூகிள் என்னும் தேடுபொறி முதல் வகை. 2006-இல் ஏற்பட்ட டுவிட்டர் இரண்டாம் வகை. இந்த ஆபீசு தானும் டீக்கடையாக ஆசைப்பட்ட கதைதான் நான் சொல்லப் போவது.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது? அது பக்கம் பக்கமாய் ஊர்ந்து போய்ப் படித்து அட்டவணை போட்டு வைத்துக் கொள்ளுகிறது. நாம் கேட்கிறபோது எதை முதலில் காட்டுவது? அதை ஏற்படுத்திய லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இருவரும் கண்டுபிடித்த யுக்தி என்னவென்றால், ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் கைகாட்டுகின்றன, கைகாட்டுகிறவர்களின் யோக்கியதை என்ன என்று பார்த்து மதிப்புப் போடுவதாகும். நல்ல யுக்திதான். ஆனாலும் நம் நாட்டுப் புராணங்கள் பெருமையடைந்ததும் இதே வழியில்தான் அல்லவா? நிறையப் பேர் மேற்கோள் காட்டினார்கள், ஆகவே பெரியது! அது நிற்க.

இந்த யுக்தியில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு முன் நடந்த காரியத்தை எவன் கைகாட்டியிருப்பான்? புதிதாய்ப் பிறந்த செய்திக்கு மதிப்பு எண் ஏது?

2001 செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்தபோது ஜனங்கள் கூகிளைத் தேடி ஓடினார்கள். அது என்ன செய்தது தெரியுமா? புதுச் செய்தி வேண்டுமானால் டெலிவிஷனையும் ரேடியோவையும் பாருங்கள் என்று தன் முகப்பிலேயே எழுதிவைத்தது. தோழர்களே, தன்னிடம் இல்லாததை இல்லையென்று சொன்ன அந்த ஒரு வரியை நான் மிகவும் மதிக்கிறேன். எந்த வியாபாரி இப்படிச் சொல்லுவான்? பிறகு 2002-இல் பத்திரிகைச் செய்திகளைத் திரட்டித் தரும் கூகிள் நியூஸ் வந்தது. அதை உண்டாக்கிய கிருஷ்ண பரத் என்பவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

2009 ஜனவரி 15-ந் தேதி நியூயார்க்கில் 155 பேர் இருந்த ஒரு விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது, எல்லோரும் பிழைத்தார்கள். அருகே படகில் இருந்த ஒருவர் படம் பிடித்து டுவிட்டரில் போட்டார். உலகமெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்தது. அதே வருஷம் ஜூன் 25-ந் தேதி பாட்டுக்காரர் மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது, ஒரே சமயத்தில் திரண்டு வந்து தேடியவர்களைப் பார்த்து, யாரோ தன்னைத் தாக்குகிறார்கள் என்று கூகிள் நியூஸ் எண்ணிக்கொண்டு, சிலருக்குக் கதவைச் சாத்திவிட்டது! சாவு செய்தி கேட்டு வந்த கூட்டத்தைக் கொள்ளைக் கூட்டம் என்று நினைத்த மாதிரி.

ஆபீசுக்காரர்களுக்கு ஆத்திரம் வந்தது. 2009 அக்டோபர் 21-ந் தேதி, ஒரே நாளில், மைக்ரோசாப்டின் பிங்கும் கூகிளும் டுவிட்டருடன் ஒப்பந்தம் செய்து கொண்டதாக அறிவித்தன. டிசம்பரிலேயே கூகிள், அந்தந்த நிமிஷத்துப் பேச்சையும் தேடித் தரத் தொடங்கியது. 2011 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்தது. அந்தத் தேடலும் நின்றது. அதற்குச் சில நாள் முன்புதான் கூகிள் பிளஸ் என்று சொந்தமாகவே ஒரு டீக்கடை திறந்திருந்தது. 2012 ஜனவரியில் தேடல் முடிவுகளில் தன் கடைச் சரக்கை முன்னால் வைக்க ஆரம்பித்தது. டுவிட்டர் கூச்சல் போட்டது. 2015-இல் மறுபடியும் ராஜி. கூகிள் பிளஸ் பொதுஜனங்களுக்கு 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. டுவிட்டரோ கைமாறி, 2023 ஜூன் கடைசியில், கணக்கு இல்லாதவர் எட்டிப் பார்க்க முடியாதபடி வேலி போட்டது. அந்த வேலி கூகிளின் கண்ணையும் மறைத்தது.

எந்தச் சரக்குக்காக இந்தச் சண்டை? நீங்களும் நானும் கூலியில்லாமல் எழுதிப் போடுகிற பேச்சுக்காக! நம் பேச்சைப் பார்க்க வருகிறவர்களிடம் விளம்பரம் காட்டிப் பணம் பண்ணுவதற்காக! இவ்வளவு வருஷ வழக்கிலும் “செய்தி உண்மையா?” என்ற கேள்வி எத்தனை தடவை எழுந்தது?

எழாததன் பலனைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 23-ந் தேதி, அசோசியேட்டட் பிரஸ் என்னும் பெரிய செய்தி ஸ்தாபனத்தின் டுவிட்டர் கணக்கைத் திருடர்கள் கைப்பற்றி, வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்தது, ஜனாதிபதி ஒபாமாவுக்குக் காயம் என்று எழுதினார்கள். சில நிமிஷத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டோ எண் 140 புள்ளிக்கு மேல் விழுந்து, பொய்யென்று தெரிந்ததும் எழுந்தது. 2017 அக்டோபரில் லாஸ் வேகாஸில் ஒருவன் கூட்டத்தைச் சுட்டபோது, சம்பந்தமேயில்லாத ஒரு மனிதரைக் குற்றவாளியென்று குறித்த ஓர் அநாமதேய அரட்டைப் பக்கத்தைக் கூகிளே தலைப்புச் செய்தியாகக் காட்டியது. ரிஜிஸ்திரார் டீக்கடைப் பேச்சைப் பத்திரத்தில் ஏற்றினால் வேறென்ன ஆகும்?

2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் டுவிட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளைச் சோதித்தார்கள். 1,500 பேரிடம் போய்ச் சேர உண்மைக்குப் பொய்யைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இயந்திரம் செய்த வேலையோ என்று கழித்துப் பார்த்தும் அப்படியேதான். பொய்யைச் சுமந்து ஓடுகிறவர்கள் மனிதர்களே.

இதனால் டீக்கடையே வேண்டாம் என்கிறேனா? இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முழுகிக் கிடந்தபோது, எந்தத் தெருவில் படகு, எந்த வீட்டு மாடியில் சோறு என்பதைப் பழைய அட்டவணை எதுவும் சொல்லியிருக்க முடியாது. டுவிட்டரிலும் பேஸ்புக்கிலும் முகம் தெரியாத இளைஞர்கள் சொன்னார்கள். அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. அதே வெள்ளத்தில்தான் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்றும், நாசாக்காரர்கள் பேய்மழை வரும் என்று சொன்னதாகவும் கதை ஓடியது. இரண்டும் பொய். முன்பெல்லாம் அசரீரி சொன்னது என்பார்கள். இப்போது நாசா சொன்னது என்கிறார்கள்!

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் புரளி பரவியிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடப் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டத்தில் வழியில் நின்று குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊரார் அடித்தார்கள். 65 வயதுக் கிழவியம்மாள் செத்தார். அந்தப் புரளி கைக்குக் கை போன கடிதம். தேடுபொறியின் கண்ணுக்கே எட்டாதது. அந்த நிமிஷத்தில் ஒருவன் இந்தக் குடும்பத்தைப் பற்றித் தேடியிருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. ஒன்றும் கிடைக்காத அந்த இடத்தில் “இன்னும் தெரியாது” என்று நிற்க ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த அம்மாள் வீடு திரும்பியிருப்பார்.

கூகிளும் 2021 ஜூனில், வேகமாக மாறுகிற செய்தியைத் தேடினால், முடிவுகள் மாறிக்கொண்டிருக்கின்றன, நம்பத்தக்க தகவல் வரக் கொஞ்சம் நேரமாகலாம் என்று ஓர் அறிவிப்புக் காட்ட ஆரம்பித்தது. 2001-இல் தானே சொன்னதைத் திரும்பச் சொல்ல அதற்கு 20 வருஷம் ஆயிற்று.

நேரம் ஆகிவிட்டது. வெளியூர்த் தோழர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள் எழுந்து கேட்கலாம்; தெரிந்ததற்குப் பதில் சொல்லுகிறேன்.