பின்னச்சில் ஓர் ஓசை

அரைவைப் பருவம் தொடங்கிவிட்டால், கடலூர் மாவட்டத்துச் சாலைகளில் கரும்பு லாரிகள் அணி அணியாகச் செல்வதைக் காணலாம். அவற்றுள் புதியனவும் உண்டு. பல்லாண்டு உழைத்துத் தேய்ந்தனவும் உண்டு. அத்தகைய பழைய லாரி ஒன்று பாரத்துடன் நின்று மீண்டும் புறப்படும்போது, பின்புறத்தில் 'டங்' என்று ஓர் ஓசை எழுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வழியே போகிறவர்களுக்கு அது வெற்றோசை. லாரியின் உரிமையாளருக்கோ அது பெருங்கவலை. பல் உடைந்ததோ, அச்சு முறியப்போகிறதோ, கடன் வாங்க நேருமோ என்று அவர் உள்ளம் அலமரும். அந்த ஓசையின் காரணத்தை முறையாகக் கண்டறிவது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பட்டறையைச் சார்ந்த இச்செய்தி பள்ளி மாணவருக்கும் கல்லூரி மாணவருக்கும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1929-ஆம் ஆண்டில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வகுப்புகளில் பற்சக்கரங்களின் கணக்கைப் போடுகிறார்கள். வகுப்பில் கணக்காக இருப்பதே, சாலையோரப் பட்டறையில் ஒரு குடும்பத்தின் பிழைப்பாக இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கக் கற்றவனே கல்வியின் பயனைப் பெற்றவன் ஆவான்.

முதலில் பின்னச்சின் அமைப்பைச் சற்றே காண்போம். மாட்டுவண்டியின் இரு சக்கரங்களும் அச்சின்மேல் தனித்தனியே சுழலுகின்றன. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் மிகுதியாகச் சுழலும். உட்புறச் சக்கரம் குறைவாகச் சுழலும். மாடு இழுப்பதால் அங்கே இடர்ப்பாடு ஒன்றும் இல்லை. லாரியிலோ எஞ்சினே சக்கரங்களைச் சுழற்ற வேண்டும். சுழற்றும்போதே அவை வெவ்வேறு வேகத்தில் செல்லவும் இடம் தர வேண்டும். இந்த அரிய வேலையைச் செய்வதே 'டிஃபரென்ஷியல்' எனப்படும் பற்சக்கரக் கூட்டம். பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த பெக்கூர் என்பவர் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்காக இதனை அமைத்தார்.

எஞ்சினின் ஆற்றல், கியர்ப்பெட்டியிலிருந்து நீண்ட புரொப்பெல்லர் தண்டின் வழியாகப் பின்னே வருகிறது. அத்தண்டின் முனைகளில், பட்டறையில் 'கிராஸ்' என்று வழங்கும் குறுக்கு மூட்டுகள் உள்ளன. தண்டு 'பினியன்' என்னும் சிறிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியன் 'கிரவுன்' என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுனோடு சேர்ந்து சுழலும் கூட்டினுள் டிஃபரென்ஷியலின் சிறு பற்சக்கரங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து இருபுறமும் அச்சுத்தண்டுகள் சக்கரங்களுக்குச் செல்லுகின்றன. இவற்றை எல்லாம் மூடிய வெளிக்கூட்டை, 'யூ போல்ட்' என்னும் வளைந்த ஆணிகள் வில்பட்டைகளோடு இறுகப் பிணைத்து வைத்திருக்கின்றன.

ஓசை இவற்றுள் எங்கிருந்தும் எழலாம். ஆதலின், தேர்ந்த மெக்கானிக் ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் கேள்வி கேட்கிறார். 'எங்கே ஓசை?' என்பது அவருடைய முதற்கேள்வி அன்று. இரும்பின் வழியே ஓசை பரவுவதால், இடத்தைப் பற்றிக் காது எளிதில் ஏமாறும். 'எப்போது ஓசை?' என்பதே முதற்கேள்வி.

வளைவில் திரும்பும்போது மட்டும் ஓசை எழுமானால், ஐயம் டிஃபரென்ஷியலின் சிறு பற்சக்கரங்கள் மேல் செல்லும். ஏனெனில், நேர்ச்சாலையில் அவை கூட்டோடு சேர்ந்து சுற்றுமே அன்றித் தம்மைத்தாமே பெரிதும் சுற்றிக்கொள்வதில்லை. திரும்பும்போதுதான் அவற்றுக்கு வேலை. மேடுபள்ளத்தில் மட்டும் ஓசை எழுமானால் வில்பட்டை, அதன் ஊசி, புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது ஓசை தாளம் தவறாமல் திரும்பத் திரும்பக் கேட்குமானால், சுழலும் உறுப்பு ஒன்றில் பழுது உண்டு என்று கொள்ளலாம்.

இந்தத் தாளத்தை எண்ணியே பழுதான உறுப்பை ஓரளவு அறியலாம். பினியனுக்கு 6 பற்களும் கிரவுனுக்கு 41 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் பினியன் ஏறத்தாழ 7 முறை சுற்றும். லாரிச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 3 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நாம் விரைந்து நடக்கும் வேகத்தில், வண்டியை ஓட்டினால் சக்கரம் நிமிடத்துக்கு 33 முறை சுற்றும். கிரவுனில் ஒரு பல் உடைந்திருந்தால் ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒரு தட்டு கேட்கும். பினியனில் பல் உடைந்திருந்தால் நொடிக்கு நான்கு தட்டு வரை கேட்கும். கைக்கடிகாரமும் காதும் இருந்தால் போதும், கூட்டைத் திறவாமலேயே இவ்வளவும் அறியலாம்.

இனி, நாம் தொடக்கத்தில் கேட்ட 'டங்' ஓசைக்கு வருவோம். புறப்படும்போது ஒரே ஒருமுறை எழும் இவ்வோசைதான் பலரையும் ஏமாற்றுவது. அதற்கு இருவகைக் காரணங்கள் உண்டு. பற்களுக்கு இடையிலும் மூட்டுகளிலும் தேய்மானத்தால் இடைவெளி மிகுந்திருந்தால், ஆற்றல் வந்து சேரும்போது அவ்விடைவெளி சட்டென மூடி ஓசை எழும். யூ போல்ட் தளர்ந்திருந்தாலோ, புறப்படும்போது வெளிக்கூடே சற்றுத் திரும்பி வில்பட்டையின் மேல் மோதும். கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இவற்றை வேறுபடுத்துவது எவ்வாறு?

எங்கள் பக்கத்துக் கரும்பு லாரி ஒன்றுக்கு இந்த ஐயம் நேர்ந்தது. ஊரும் பேரும் வேண்டா. முதலில் பார்த்தவர், 'கிரவுன், பினியன் இரண்டையும் மாற்றியாக வேண்டும்' என்று சொல்லிவிட்டார். அது பெருஞ்செலவு. உரிமையாளர் கடன் கேட்கப் புறப்படுமுன், முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். அம்முதியவர் ஆளில்லாத வெளியில் வண்டியை மெல்ல ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்துப் பிரேக்கை மட்டும் அழுத்தச் சொன்னார். அப்போதும் 'டங்' என்றது. எஞ்சினின் ஆற்றல் பற்களுக்கு வராதபோதும் ஓசை எழுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் பற்களுக்கு வெளியே இருக்கிறது என்று அவர் துணிந்தார்.

பின்னர் இருபுறமும், வில்பட்டையின் முன் ஊசியிலிருந்து அச்சுவரை நூல் பிடித்து அளந்தார். ஒருபுறத்து அளவு மறுபுறத்து அளவைவிட ஒரு விரற்கடை கூடியிருந்தது. யூ போல்ட்டின் அருகே இரும்பு உராய்ந்து பளபளத்தது. செந்நிறத் துருப்பொடியும் படிந்திருந்தது. கழற்றிப் பார்த்தபோது, வில்பட்டைகளைக் கோத்து நிற்கும் சென்டர் போல்ட் அறுந்திருந்தது. அந்தப் போல்ட்டும் சில யூ போல்ட்டுகளும் மாற்றப்பட்டன, ஓசை நின்றது. சில நாள் பாரம் ஏற்றி ஓடியபின் வண்டியை மீண்டும் வரவழைத்து, மரைகளை இன்னொரு முறை இறுக்கினார்.

இங்கே பணம் மிஞ்சியது சிறிய செய்தி. பற்களை மட்டும் மாற்றியிருந்தால், ஓசையும் இருந்திருக்கும். அதன் காரணமும் இருந்திருக்கும். நிறைபாரத்துடன் ஒருநாள் பிரேக் பிடிக்கும்போது அச்சு விலகி, வண்டி ஓட்டுநரின் பிடியை மீறி ஓடியிருக்கலாம். சாலையில் செல்லும் பிறருடைய உயிரும் அந்த ஒரு போல்ட்டையே நம்பி இருந்தது அன்றோ?

நியூட்ரலில் ஓசை எழாவிட்டால் ஐயம் பற்களையும் மூட்டுகளையும் சாரும். அப்போது வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் புகுதல் ஒருபோதும் ஆகாது. கியரை நியூட்ரலில் வைத்துப் புரொப்பெல்லர் தண்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்க வேண்டும். மூட்டின் ஒருபாதி அசைந்து மறுபாதி அசையாது நின்றால் பழுது கிராஸில் உள்ளது. மூட்டு இறுக்கமாக இருந்தும் தண்டு வெகுவாகத் திரும்பினால் அதற்குப் பின்னால் தேட வேண்டும். பெரிய லாரிகளில் சுமையை வெளிக்கூடே தாங்குவதால், சக்கரத்தைக் கழற்றாமலேயே அச்சுத்தண்டை உருவி எடுத்து, அதன் முனைப் பற்களின் தேய்மானத்தைக் காணலாம்.

கடைசியாகக் கூட்டின் எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். மை போன்ற மென்மையான இரும்புத்தூள் சிறிதளவு இருப்பது இயல்பு. சில்லுகள் கிடைத்தால் ஆபத்து; கூட்டைத் திறந்தே ஆக வேண்டும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்பது பொருள். 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைக் கண்ட நம் மாவட்டத்தார் இதனை மறத்தல் ஆகாது. ஓடிச் சூடேறிய கூடு வெள்ளத்தில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். காற்றுப்போக்கி அடைபட்டிருந்தால், அச்சுருக்கம் எண்ணெய்த்தடுப்பின் வழியே நீரை உள்ளே இழுத்துவிடும். வெள்ளநாளில் புகுந்த நீர், பல திங்கள் கழித்துத் தேய்மானமாக வெளிப்படும். இயற்பியல் நூலில் நீங்கள் படிக்கும் வாயுவிதியே அங்கும் வேலை செய்கிறது.

நண்பர்களே, அம்முதியவர் செய்ததை எண்ணிப் பாருங்கள். அவர் முதலில் கேட்டார்; பிறகு இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டும் ஒரு சோதனையைச் செய்தார்; அதன்பின் அளந்தார்; அதற்கும் பிறகே ஸ்பானரைத் தொட்டார். காய்ச்சலைக் காணும் மருத்துவருக்கும், மாணவன் கணக்கில் தவறுவதைக் காணும் ஆசிரியருக்கும் இதுவே முறை. விலை உயர்ந்த விடையை முதலில் நம்புவது எளிது. எளிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்குவதற்குப் பொறுமை வேண்டும். அடுத்தமுறை பட்டறை வழியே செல்லும்போது சற்று நின்று பாருங்கள். கரி படிந்த கைகளை உடைய ஆசிரியர் ஒருவரை அங்கே நீங்கள் காணக்கூடும்.