மனு எழுத வராதவர்கள்



1918 நவம்பரில் கடலூர்ச் சிறையில் அடைபட்ட பாரதியார், உள்ளேயிருந்து ஆளுநருக்கு மனு எழுதினார். டிசம்பரில் வெளியே வந்தார். அந்த மனுவை நினைத்துச் சங்கடப்படுகிறவர்கள் உண்டு. நான் அந்த ரகமில்லை. மனு எழுத வராத கைதியைப் பற்றித்தான் என் கவலை.

எந்தச் சிறையிலும் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். வார்டர் பெயரைக் கூப்பிடுகிறார். காது கேளாதவர் எழுந்திருக்கவில்லை. திமிர் என்று முடிவாகிவிடுகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர் நேற்றுச் சொன்ன விதியை இன்று மறந்துவிடுகிறார், அதுவும் திமிர்தான். கற்றல் குறைபாடு உள்ளவரோ குற்றப்பத்திரிகையை வாங்கி, தலையாட்டி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். படிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பார். பள்ளிக்கூடத்தில் அடிக்குப் பயந்து பழகிய வித்தை அது.

சட்டத்தில் குறையில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சட்டத்தோடு முரண்பட்ட சிறார்களுக்கு 2015 இளைஞர் நீதிச் சட்டம் சிறப்புக் கல்வியைப் பெயர் சொல்லியே கேட்கிறது. கோவைச் சிறையில் தசைச்சிதைவு நோயுள்ள வழக்கறிஞர் ஒருவர் பட்ட அவதி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலையில் அது தமிழகச் சிறைகள் எல்லாவற்றுக்குமான உத்தரவாகத் திரும்பி வந்தது: உள்ளே வரும்போதே குறைபாட்டைக் கண்டறியுங்கள், விதிகளைப் பிரெய்லியிலும் சைகை மொழியிலும் தெரிவியுங்கள், சாய்தளம் கட்டுங்கள். சாய்தளத்துக்குக் கொத்தனார் கிடைப்பார். மடித்து வைத்த அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சந்தேகப்பட யார் இருக்கிறார்கள்? சிறை மருத்துவர் நாடி பார்ப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார். வாசிக்கச் சொல்லிப் பார்ப்பது, இன்று பட்டம் பெறும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களே, உங்கள் தொழில்.

சிறைக்குள்ளிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். கற்றல் குறைபாடு உள்ளவருக்குக் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆளும் உண்டு. ஆனால் சான்று வேண்டும். அதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாதவர் எப்படிக் கேட்பார்?

இங்கிருந்து கடலூருக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. கைதிகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்க அனுமதி கேட்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து அங்குள்ள சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நகல் வையுங்கள். தேர்வு நெருங்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவக் குழு பார்த்துச் சான்று தர நாளாகும்.