முதியோரைப் பேணுவது யார் கடன்?
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



முதியோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடன் என்பதிலே நம்முள் இரு கருத்து இல்லை. ஆனால், பிள்ளைகள் என்று வாயாற் சொல்லி, வேலையை மருமகளின் கையிலே விட்டுவிடுகிறோமா என்பதை இன்று ஆராய்வோம். இதற்கு யப்பான் நாட்டின் அநுபவம் நல்லதொரு பாடமாகும்.

குடும்பப் பற்றில் யப்பானியர் நமக்கு இளைத்தவரல்லர். மூத்த மகன் வீட்டிலே பெற்றோர் வாழ்வதும், அவன் மனைவி பணிவிடை செய்வதும் அங்கே நெடுங்கால வழக்கம். 1963 ஆம் ஆண்டில் முதியோர் நலச் சட்டம் பிறந்தது. ஆயினும் உதவி யாருக்கு என்பதை உள்ளூர் அதிகாரிகளே தீர்மானித்தனர். வருமானமும் குடும்ப நிலையும் விசாரிக்கப்பட்டன. ஆகவே அதைப் பெறுவதைப் பலர் மானக்கேடாக எண்ணினர்.

1973 இல் எழுபது வயதானோர்க்கு வைத்தியம் இலவசமாயிற்று. விளைவு யாது? வீட்டிலே பார்க்க ஆளில்லாத முதியோர் பலர், வைத்தியம் முடிந்த பின்னரும் வைத்தியசாலைக் கட்டிலிலேயே கிடந்தனர். அதே ஆண்டில் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. செலவு பெருகவே, 1983 முதல் முதியோரும் சிறு கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. குடும்பமே பார்த்துக்கொள்ளட்டும் என்ற பேச்சும் ஓங்கியது.

அப்பேச்சுக்கு மறுமொழி கூறியோருள் பெண்கள் முன்னின்றனர். 1983 இல் ஹிகுச்சி கெய்கோ முதலானோர் சங்கம் அமைத்து, இச்சுமையைச் சமுதாயமும் தாங்கவேண்டுமென வாதாடினர். 1997 இல் பராமரிப்புக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறி, 2000 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. நாற்பது வயது முதல் யாவரும் சந்தா செலுத்துவர்; காப்புறுதி ஏற்கும் செலவில் பாதி சந்தாப் பணம், பாதி வரிப்பணம். முதியவரின் உடல், மன நிலையைக் கொண்டே உதவியின் அளவு தீர்மானிக்கப்படும். வீட்டிலே மருமகள் இருக்கிறாளா என்பது அதற்குக் கணக்கில்லை.

1995 இல் ஜேர்மனி தொடங்கிய காப்புறுதியில், உறவினர் பராமரித்தால் உதவியைப் பணமாகவும் பெறலாம். யப்பானியப் பெண்களிற் பலர் இதை எதிர்த்தனர். காசு வந்தால் மருமகள் இன்னும் இறுகக் கட்டுண்பாள் என்று அஞ்சினர். எனவே யப்பானில் பெரும்பாலும் பணிகளே வழங்கப்படுகின்றன: குளிப்பாட்டவும் உணவூட்டவும் ஆள் வருவார், பகலில் நிலையத்துக்கு அழைத்துச் செல்வர்.

இத்திட்டமும் மாறாது நிற்கவில்லை. உதவி பெறுவோர் செலவிற் பத்தில் ஒரு பங்கு கொடுத்தனர். வருமானம் மிக்கோர்க்கு அது 2015 இல் இரு பங்காகவும், 2018 இல் சிலருக்கு மூன்று பங்காகவும் உயர்ந்தது. 2015 முதல் விசேட பராமரிப்பு இல்லங்களில், ஐந்து படிகளுள் மூன்றாம் படியும் அதற்கு மேலுமானோரே பொதுவாகப் புதிதாய்ச் சேர்க்கப்படுகின்றனர். அரசு கையைச் சுருக்கும்போது எஞ்சிய வேலை வீட்டுக்கே திரும்புகிறது. அங்கே பெரும்பாலும் பெண்ணின் தோளிலேயே விழுகிறது.

நமது நாட்டிலும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என்கிறது. நன்று. ஆயினும் இரவிலே எழுந்து தண்ணீர் கொடுப்பவர் யார் என்பதைச் சட்டம் சொல்லாது. அதை நாமே கேட்கவேண்டும். இளைஞர்களே, அவ்வேலையில் ஆண்மக்களாகிய நாமும் பங்கேற்போம். நம்மால் இயலாத பங்கை அரசிடம் கேட்பது மானக்கேடன்று. அது வரி செலுத்துவோரின் உரிமை.